ஸ்கூல்ல வளர்ற பிள்ளைகள்ட சுகாதாரத்துக்கு அரசாங்கக் காசு எடுக்கிறது எப்பிடி: திருகோணமலை ஆக்களுக்கு

முதல்ல ஒரு விஷயத்த விளங்கிக்கொள்ளுங்க, பாடசாலைக்கு வாற காசில "கட்டிளமைப் பருவ சுகாதாரம்" எண்டு பேர் போட்ட தனிப் பெட்டி ஒண்டும் இல்ல. அதத் தேடித்தான் கனபேர் அலையிறாங்க, வலயக் கல்விப் பணிமனைக்குப் போனா எம்.ஓ.எச்., அதாவது சுகாதார வைத்திய அதிகாரிட ஒபிஸுக்குப் போகச் சொல்லுவாங்க, அங்க போனா இது கல்வித் திணைக்களத்து வேலை எண்டுவாங்க, ரெண்டு தரம் அலைஞ்சதும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்து ஆக்கள் களைச்சுப்போய் விட்டுடுவாங்க. காசு இல்லாமல் இல்ல. நாலஞ்சு இடத்தில துண்டு துண்டாக் கிடக்கு. நம்மட தேவையையும் அதே மாதிரித் துண்டாப் பிரிச்சு, எந்தத் துண்டு எந்த மேசைக்குப் போகோணும் எண்டு தெரிஞ்சு, நேரத்தோட குடுக்கிறதுதான் முழு வேலையும்.

இன்டர்நெட்டில தேடி ஃபோர்ம் டவுன்லோட் பண்ணாதீங்க. வாறதெல்லாம் அமெரிக்காக் கதை. அங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எண்டது தனக்கெண்டு வரி வருமானமும் போர்டும் உள்ள அமைப்பு, அங்கத்த நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தில கட்டிளமைப் பருவத்துக்கும் பாடசாலைச் சுகாதாரத்துக்கும் எண்டே 1988இல இருந்து ஒரு பிரிவு இருக்கு, டிஸ்ட்ரிக்டுகள் அதுக்கு நேரடியா விண்ணப்பம் போட்டுக் காசு எடுக்கலாம். நம்மட வலயக் கல்விப் பணிமனைக்கு அப்பிடி ஒரு அதிகாரமும் இல்ல. திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் எண்டு இருக்கிற அஞ்சு வலயமும் மேல இருந்து வாற ஒதுக்கீட்டச் செலவழிக்கிற இடங்கள்தான். அதால அந்த மாதிரி புரொபோசல் எழுதிக் கொண்டு போனா வலயத்தில அத வைக்கிறதுக்கு ஒரு ஃபைலே இருக்காது.

இப்ப, காசு கேக்கவே தேவையில்லாததுகள முதல்ல ஒதுக்கி வைப்பம். உலக சுகாதார நிறுவனம் 10 வயசில இருந்து 19 வயசு வரைக்கும் கட்டிளமைப் பருவம் எண்டு சொல்லுது, நம்மட கணக்கில ஆறாம் ஆண்டில இருந்து ஏ.எல். வரைக்கும் எண்டு வைங்க. இந்தப் பிள்ளைகளுக்கு சுகாதார அமைச்சுப் பக்கத்தால ஏற்கனவே வாறது கனக்க இருக்கு. 1, 4, 7, 10ஆம் ஆண்டுகளில பாடசாலை வைத்திய பரிசோதனை நடக்கோணும், எம்.ஓ.எச். டொக்டரும் பி.எச்.ஐ. எண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து உயரம், நிறை, கண், காது, பல்லு எல்லாம் பாக்கோணும். ஆறாம் ஆண்டுப் பொம்பிளைப் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் இருக்க எச்.பி.வி. ஊசி, 2017இல இருந்து தேசியத் திட்டத்தில இருக்கு, ஆறு மாச இடைவெளியில ரெண்டு ஊசி. ஏழாம் ஆண்டில ஏற்பு, தொண்டைக்கரப்பான் ஊசி. வாரத்துக்கு ஒருக்கா இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மருந்து. இதொண்டுக்கும் ஸ்கூல் காசு தேட வேண்டியதில்ல, ஆரும் பெற்றார்ட்ட காசு சேர்க்கவும் தேவையில்ல.

இந்த இடத்தில கேக்க வேண்டியது திகதி. ஜனவரி மாசம் ஸ்கூல் தொடங்கினதும் அதிபர் பி.எச்.ஐ.க்கு ஒரு கடிதம் அனுப்போணும்: வகுப்புவாரியாப் பிள்ளைகள்ட எண்ணிக்கை, பரிசோதனைக்குத் தரக்கூடிய ரூம், எந்தக் கிழமை வசதி, பொறுப்பான டீச்சர் ஆர். பொறுப்பான டீச்சர் எண்டு ஒராள் இல்லாத ஸ்கூல்லதான் மாத்திரைப் பெட்டி அலுமாரிக்குள்ளயே கிடந்து திகதி முடியுது. ரெண்டாவது எச்.பி.வி. ஊசி தவறிப்போற பிள்ளையும் பெரும்பாலும் அண்டைக்கு லீவு போட்ட பிள்ளைதான், ஒரு கொப்பியில பேர எழுதி வைச்சிருந்தா பிறகு எம்.ஓ.எச். ஒபிஸுக்கோ கிளினிக்குக்கோ கூட்டிக்கொண்டு போகலாம். செலவில்லாத வேலை, ஆனா இதச் சரியாச் செய்யிற ஸ்கூலுக்கு எம்.ஓ.எச். ஒபிஸில ஒரு மதிப்பு வரும், பேந்து காசு கேக்கிற கடிதத்தில அவர்ட சிபாரிசு எடுக்கிறது லேசு.

காசு உண்மையாத் தேவைப்படுறது வேற இடத்தில. தண்ணி வாற டொய்லட், உள்ளுக்குப் பூட்டுப் போடக்கூடிய கதவு, பாவிச்ச நப்கின் போடுற வாளியும் அத எரிக்கிற அடுப்பும், தனிய இருந்து கதைக்கக்கூடிய ஒரு கவுன்சலிங் ரூம், டீச்சர்மாருக்கு ட்ரெய்னிங், ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணின பிள்ளையக் கூட்டிக்கொண்டு போற போக்குவரத்து. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் இருந்து ஒரு பிள்ளையக் கண் பாக்க டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாறதெண்டா தாய்க்கோ தகப்பனுக்கோ ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு வேற, அதால போகாமலே விட்டுடுவாங்க, பிள்ளை கரும்பலகை தெரியாமல் பின் வாங்கில குந்திக்கொண்டிருக்கும். பரிசோதனையில கண்டுபிடிச்சும் பிரயோசனமில்லாமல் போறது இப்பிடித்தான்.

சரி, எண்ணுறதில இருந்து தொடங்குவம். இதுக்கு ஒரு நாள் ஒதுக்குங்க, அபிவிருத்திச் சங்கத்தில ரெண்டு தாய்மார், ஒரு டீச்சர், மேல் வகுப்புப் பிள்ளைகள் ரெண்டு பேர், கையில ஒரு கொப்பி. ஒவ்வொரு டொய்லட்டாப் போய்க் கதவத் திறந்து பாருங்க. உலக சுகாதார நிறுவனத்துப் பாடசாலை வழிகாட்டியில 25 பொம்பிளைப் பிள்ளைக்கு ஒரு டொய்லட், ஆம்பிளைப் பிள்ளைகளெண்டா 50 பேருக்கு ஒரு டொய்லட்டும் ஒரு சிறுநீர் கழிக்கிற இடமும் எண்டு இருக்கு. உதாரணத்துக்கு 210 பொம்பிளைப் பிள்ளைகள் இருக்கிற ஸ்கூல் எண்டு வைங்க, 9 டொய்லட் வேணும். கட்டடம் எண்டு பாத்தா 5 நிக்குது, அதில ஒண்டுக்குக் கதவில்ல, ஒண்டு குழி நிரம்பிப் பூட்டிக் கிடக்கு, அப்ப பாவிக்கக்கூடியது 3தான், குறை 6. இந்த "குறை 6" எண்ட எண்தான் உங்கட கடிதத்துக்கு உயிர். "போதிய மலசலகூட வசதிகள் இன்மையால் மாணவிகள் பெரும் சிரமங்களை எதிர்நோக்குகின்றனர்" எண்ட வசனத்த வலயத்தில இருக்கிற ஆக்கள் வருஷம் முழுக்க வாசிச்சு வாசிச்சு அவங்கட கண்ணே அதில நிக்காது.

எண்ணேக்குள்ள தண்ணியையும் பாருங்க. நம்மட பக்கம் ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் கிணறு இறங்கும், குச்சவெளிப் பக்கமும் மூதூர், சம்பூர்ப் பக்கமும் இருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல. மார்ச்சில போய்ப் பாத்துட்டு "தண்ணி இருக்கு" எண்டு எழுதினா ஆகஸ்டில அந்த டொய்லட் நாறும், பிள்ளைகள் தண்ணி குடிக்காமலே பகல் முழுக்க அடக்கிக்கொண்டு இருப்பாங்க. எந்த மாசம் தண்ணி இல்லாமப் போகுது எண்டத அப்பிடியே மாசத்தோட எழுதுங்க.

பி.எச்.ஐ.ட்ட கடைசி வைத்திய பரிசோதனைச் சுருக்கத்தையும் கேளுங்க: எத்தினை பிள்ளைக்கு நிறை குறைவு, எத்தினை பேருக்கு நிறை கூட, எத்தினை பேருக்குக் கண் பிரச்சினை, எத்தினை பேர ரெஃபர் பண்ணினது, அதில எத்தினை பேர் போனவங்க. எண்ணிக்கை மட்டும் போதும். பிள்ளைகள்ட பேர் எந்தக் கடிதத்திலயும் வரப்படாது, அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில வாசிக்கவும் படாது. சின்ன ஊர், ஒரு பிள்ளைக்கு என்ன வருத்தம் எண்டது கூட்டம் முடிஞ்சு வீடு போறதுக்கு முதல் சந்தைக்குப் போயிரும், அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை ஸ்கூலுக்கு வர மாட்டாள்.

இனித் துண்டாப் பிரிக்கிற வேலை. அரசாங்கக் கணக்கில மூலதனச் செலவு வேற, மீண்டெழும் செலவு வேற, இத விளங்காமல் ரெண்டையும் ஒரே கடிதத்தில கலந்து எழுதினா கணக்காளர் அப்பிடியே திருப்பி அனுப்புவார். கட்டடம், தண்ணித் தாங்கி, நப்கின் எரிக்கிற அடுப்பு, கவுன்சலிங் ரூமுக்கு அடிக்கிற பார்ட்டிஷன் இதெல்லாம் மூலதனம். சவுக்காரம், வாளி, கூலி, போக்குவரத்து இதெல்லாம் மீண்டெழும்.

மூலதனத்துக்கு முதல் உங்கட ஸ்கூல் தேசிய பாடசாலையா மாகாணப் பாடசாலையா எண்டு பாருங்க. தேசிய பாடசாலையெண்டா கொழும்புக் கல்வி அமைச்சுத்தான் வழி. மாகாணப் பாடசாலையெண்டா வழி நம்மட ஊருக்குள்ளயே இருக்கு, கிழக்கு மாகாணக் கல்வி அமைச்சும் மாகாணக் கல்வித் திணைக்களமும் திருகோணமலையிலதான், அம்பாறை, மட்டக்களப்பு ஆக்கள் இங்க பஸ் ஏறி வரோணும், நமக்கு அந்தக் கரைச்சல் இல்ல. மாகாணத்துக்கு நிதி ஆணைக்குழுவின்ட சிபாரிசில மத்தியில இருந்து வாற குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்திக் கொடைதான், ஒபிஸ் பாஷையில பி.எஸ்.டி.ஜி., டொய்லட், தண்ணி மாதிரி வேலைகளுக்கு முக்கியமான காசு. வலயத்துத் திட்டமிடல் பிரிவு போடுற முன்னுரிமைப் பட்டியல்ல உங்கட ஸ்கூல் பேர் இல்லாட்டி மேல ஆரப் பிடிச்சும் பிரயோசனம் குறைவு. அதால முதல் போக வேண்டியது திட்டமிடல் பிரிவு, அமைச்சர் வீடு இல்ல.

ரெண்டாவது வழி பன்முகப்படுத்தப்பட்ட நிதி, எம்.பி.மார்ட சிபாரிசில கச்சேரியூடா, அதாவது மாவட்டச் செயலகத்தூடா வாறது. நம்மட மாவட்டத்துக்கு 4 எம்.பி. ஒரே வேலைக்கு நாலு பேர்ட்டயும் குடுக்கிறது எண்டா ஒவ்வொரு கடிதத்திலயும் மற்றவங்களுக்கும் குடுத்திருக்கு எண்டு எழுதுங்க, ஒரு வேலைக்கு ரெண்டு ஒதுக்கீடு விழுந்தா ஒண்டு திரும்பிப் போகும், அது வேறொரு ஸ்கூலுக்குப் போயிருக்க வேண்டிய காசு. மூண்டாவது பிரதேச சபை. குப்பை எடுக்கிறது, மலக்குழி உறிஞ்சிற பவுசர் அனுப்புறது எண்டா அவங்கட வேலைதான், புதுக் கட்டடம் கேக்கிறத விட இதக் கேட்டா கெதியா நடக்கும். மேல சொன்ன உதாரணத்தில பூட்டிக் கிடக்கிற அந்த ஒரு டொய்லட் பவுசர் ஒருக்கா வந்தாலே திறக்கும், கதவில்லாததுக்கு ஒரு கதவும் போட்டா குறை 6 எண்டது 4 ஆகும். கையில இருக்கிறதத் திருத்திட்டு மிச்சத்தக் கேக்கிற ஸ்கூலுக்கு "இவங்க பராமரிப்பாங்க" எண்டு ஒபிஸர்மார் நம்புவாங்க.

மீண்டெழும் பக்கம் காசு கொஞ்சம்தான், அதப் பற்றிப் பெரிசா எழுத ஒண்டுமில்ல. தர உள்ளீட்டுக் காசு கற்றல் கற்பித்தலுக்கு வாறது, அதில சுகாதாரப் பாடத்துக்கான சார்ட், உயரம் நிறை பாக்கிற கருவி மாதிரிச் சாமான் வாங்கலாமா எண்டு சுற்றுநிருபத்தப் பாத்து வலயக் கணக்காளர்ட்ட எழுத்தில கேட்டுட்டுச் செய்யுங்க. சவுக்காரம், வாளி எல்லாம் அபிவிருத்திச் சங்கத்து நிதியில. நப்கினுக்கு 2024இல தெரிவு செஞ்ச பாடசாலைகளில ஒரு பிள்ளைக்கு 1,200 ரூபா வவுச்சர் எண்டு அரசாங்கம் தொடங்கினது, உங்கட ஸ்கூல் பட்டியல்ல இருக்கா எண்டு வலயத்தில ஒவ்வொரு வருஷமும் கேளுங்க, கேக்கேக்குள்ள ஆறாம் ஆண்டுக்கு மேற்பட்ட பொம்பிளைப் பிள்ளைகள்ட எண்ணிக்கையையும் கையில வைச்சிருங்க. ட்ரெய்னிங்குக்கு வலயத்துச் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்துக்கான உதவிக் கல்விப் பணிப்பாளரும், பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையில இருக்கிற சுகாதாரக் கல்வி உத்தியோகத்தரும் சேர்ந்தா வளவாளர் காசு இல்லாமலே ஒரு நாள் செயலமர்வு வைக்கலாம், தேத்தண்ணிச் செலவு மட்டும்தான்.

காலம்தான் கனபேர் பிழைக்கிற இடம். அரசாங்க நிதி வருஷம் ஜனவரி 1இல தொடங்கி டிசம்பர் 31இல முடியும், செலவழிக்காத காசு அண்டைக்கே செத்துப்போகும், அடுத்த வருஷத்துக்கு வராது. அடுத்த வருஷத்துக்கான மதிப்பீடு நடு வருஷத்திலயே திணைக்களங்களில எழுதத் தொடங்குவாங்க, நவம்பரில பாராளுமன்றத்தில பட்ஜெட் வாசிக்கேக்குள்ள எல்லாம் முடிஞ்ச கதை. அப்ப உங்கட கணக்கெடுப்பு மார்ச்சில நடக்கோணும், ஏப்ரல் லீவு முடிஞ்சு வந்த உடன அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில தீர்மானம் எடுத்து மே மாசத்துக்குள்ள கடிதம் வலயத்தில இருக்கோணும். பாடசாலையின்ட வருடாந்த அமுலாக்கத் திட்டத்திலயும் அதே வேலை அதே எண்ணிக்கையோட இருக்கோணும், கடிதத்தில 6 எண்டு இருக்க திட்டத்தில 10 எண்டு இருந்தா ஒண்டையும் நம்ப மாட்டாங்க. இன்னொண்டு, நமக்கு ஒக்டோபர் கடைசியில இருந்து மழை. காசு செப்டெம்பரில வந்து கொந்திராத்துக்காரன் நவம்பரில குழி வெட்டினா குழிக்குள்ள தண்ணிதான் நிக்கும், டிசம்பரில அவசரமா பில் போட்டு முடிச்ச டொய்லட்டுகள் எந்த நிலமையில நிக்குது எண்டு ஊருக்குள்ள போய்ப் பாத்தாத் தெரியும். ஆகஸ்ட் லீவுக்குள்ள நிலத்துக்குக் கீழ உள்ள வேலை முடியோணும் எண்டு கடிதத்திலயே காரணத்தோட கேளுங்க.

கடிதம் தமிழிலயே எழுதலாம், வடக்கு கிழக்கில தமிழ் நிர்வாக மொழி, வெக்கப்படத் தேவையில்ல. ஒரு பக்கம் போதும். இப்பிடி இருந்தா நல்லம்:

"எமது பாடசாலையில் தரம் 6 முதல் 13 வரை 210 மாணவிகள் கற்கின்றனர். பாவனைக்குரிய மலசலகூடங்கள் 3. பிரதேச சபையின் உதவியுடனும் சங்க நிதியிலும் 2 திருத்தப்படவுள்ளன. மேலதிகமாக 4 தேவை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கிணற்றில் நீர் இருப்பதில்லை; நீர்த்தாங்கி ஒன்றும் குழாய் இணைப்பும் தேவை. இட வரைபடம், புகைப்படங்கள், சங்கக் கூட்டத் தீர்மானப் பிரதி, சுகாதார வைத்திய அதிகாரியின் சிபாரிசு என்பன இணைக்கப்பட்டுள்ளன. பராமரிப்பு, துப்புரவுச் செலவைச் சங்கம் பொறுப்பேற்கும்."

அவ்வளவுதான். பிள்ளைகள்ட எதிர்காலம், நாட்டின் செல்வங்கள் எண்டெல்லாம் எழுதினா எண் பின்னுக்குப் போயிரும். கடைசி வசனத்தச் சும்மா போடாதீங்க, துப்புரவு செய்யிற அக்காக்கு மாசம் எவ்வளவு, அது எங்க இருந்து வரும் எண்டு சங்கத்தில கதைச்சு முடிச்ச பிறகுதான் எழுதோணும், ஏனெண்டா டொய்லட் கட்டிக் குடுத்த பிறகு பூட்டி வைச்சிருக்கிற ஸ்கூல் நம்மட மாவட்டத்தில ஒண்டு ரெண்டில்ல, எல்லாம் இந்தக் காசு யோசிக்காத காரணம்தான்.

கடிதம் அதிபர் கையெழுத்தோட, கோட்டக் கல்விப் பணிப்பாளர் ஊடாக, வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. பிரதி எம்.ஓ.எச்., பிரதேச செயலாளர். குடுக்கேக்குள்ள உங்கட பிரதியில சீலும் திகதியும் அடிச்சு வாங்குங்க, "வைச்சிட்டுப் போங்க, பாப்பம்" எண்டு சொன்னாலும் நிண்டு வாங்குங்க, மரியாதையா நிண்டா ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க. கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரோட கலைஞ்ச பிறகு தேர்தல் இல்ல, மாகாண சபை உறுப்பினர் எண்டு போய்ச் சொல்ல ஒராள் இல்லாமல் ஆளுநரும் அதிகாரிகளுமாத்தான் நடக்குது. அதால பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம்தான் இப்ப மிச்சமிருக்கிற பெரிய வாசல். கூட்டத்துக்கு முதலே பிரதேச செயலகத்தில குடுத்து நிகழ்ச்சி நிரலில போடச் சொல்லுங்க, அங்க கல்வி, சுகாதாரம், பிரதேச சபை, தண்ணிச் சபை எல்லாரும் ஒரே மேசையில இருப்பாங்க, இவர் அவர்ட வேலை எண்டும் அவர் இவர்ட வேலை எண்டும் சொல்ல ஏலாது.

மூண்டு மாசமாப் பதில் இல்லாட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம். வலயத்துத் தகவல் அதிகாரிக்கு ஒரு கேள்வி: இந்த வருஷம் வலயத்துக்குச் சுகாதார, நீர் வசதிகளுக்கு எவ்வளவு ஒதுக்கினது, எந்தெந்தப் பாடசாலைக்குப் போனது, எங்கட கடிதம் முன்னுரிமைப் பட்டியலில எத்தினையாவது. 14 வேலை நாளுக்குள்ள தரலாமா இல்லையா எண்டு முடிவு சொல்லோணும். சண்டை பிடிக்கிற தொனியில எழுத வேண்டாம், திட்டமிடல் பிரிவில இருக்கிற ஆக்களே சில நேரம் இந்தக் கேள்விய விரும்புவாங்க, அவங்கட பட்டியல மேல ஆரும் மாத்திறதுக்கு இது ஒரு தடை.

பெற்றார் பக்கத்தையும் சொல்லாமல் விட ஏலாது. டொய்லட்டுக்கு ஆரும் மறுப்புச் சொல்ல மாட்டாங்க, மாதவிடாய், இனப்பெருக்கச் சுகாதாரம், போதைப்பொருள், மனநலம் எண்டு வகுப்பு வைக்கேக்குள்ளதான் "பிள்ளையளக் கெடுக்கிறாங்க" எண்டு கதை கிளம்பும், ஒரு கதை கிளம்பினா அதிபர் பயந்து நிப்பாட்டுவார், ஒதுக்கின நாளும் வளவாளரும் வீண். வகுப்புக்கு ரெண்டு கிழமைக்கு முதல் பெற்றாரக் கூப்பிட்டு அதே மிட்வைஃப் அக்காவ, அதே டொக்டரக் கொண்டு அதே படங்களக் காட்டி முழுசாக் கதைக்க வையுங்க. கிண்ணியா, மூதூர், தோப்பூர்ப் பக்கம் பள்ளிவாசல் நிருவாகத்துக்கும், மற்ற ஊர்களில கோயில் பரிபாலன சபைக்கும் தேவாலயத்துக்கும் முன்கூட்டியே சொல்லுங்க, பொம்பிளைப் பிள்ளைகளுக்குப் பொம்பிளை டொக்டரையோ மிட்வைஃபையோ கேளுங்க. தாய்மார் ஒருக்கா கேட்டுட்டாங்களெண்டா அவங்களே "எங்களுக்கு இத ஆரும் சொல்லித் தரேல்ல, பிள்ளையளுக்காவது சொல்லிக் குடுங்கோ" எண்டு நிப்பாங்க. ஆம்பிளைப் பிள்ளைகளையும் விட்டுடாதீங்க, அவங்களுக்கு எண்டு ஒண்டும் நடக்கிறதில்ல, ஐஸ் போதைப்பொருள் ஸ்கூல் வாசல் வரைக்கும் வாற காலத்தில அவங்கள மைதானத்துக்கு அனுப்பிப்போட்டுப் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு வைக்கிறது சரியில்ல.

காசு வந்த பிறகு வேலை முடிஞ்செண்டு நினைக்காதீங்க. டெக்னிக்கல் ஒபிஸர் அளக்க வரேக்குள்ள பி.எச்.ஐ.யும் நிக்கோணும், நிலாவெளி, உப்புவெளி மாதிரி மணல் நிலத்தில குழியும் கிணறும் கிட்டக் கிட்ட வந்தா குடிக்கிற தண்ணி கெடும், இடத்த பி.எச்.ஐ.தான் சொல்லோணும். கதவு உள்ளுக்குப் பூட்டுற மாதிரி, மேல காத்து வாற மாதிரி, ஆம்பிளைப் பிள்ளைகள்ட பக்கத்துக்கு முகம் பாக்காத மாதிரி, ஒண்டாவது சக்கர நாற்காலி போற அகலத்தில, உள்ளுக்கு நப்கின் வாளி வைக்க ஒரு மூலை. இத மதிப்பீடு போட முதல் சொல்லோணும், சுவர் எழும்பின பிறகு சொன்னா மேலதிக வேலைக்கு ஆரும் காசு தர மாட்டாங்க.

எல்லாக் கடிதத்தின்ட பிரதியையும் ரெண்டு ஃபைலாப் போடுங்க, ஒண்டு அதிபர் அறையில, மற்றது சங்கச் செயலாளர்ட்ட. அதிபருக்கு நடுவில இடமாற்றம் வந்தா புது அதிபர் வந்த கிழமையே செயலாளர் தன்ட ஃபைலோட போய் எந்தக் கடிதம் எந்த மேசையில நிக்குது எண்டு காட்டோணும்.